பூசணிக்கு அனுமதி

நான் இப்போது இருப்பது நவி மும்பையின் கோபர்கைரனேயில், ஒரு சொஸைட்டிக் கட்டடத்தின் நான்காவது மாடியில். எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் மொட்டை மாடியில் தக்காளி வளர்க்க ஆசை வந்துவிட்டது. பழைய பெயின்ட் டப்பாக்கள், மண் மூட்டை, விதைப் பொட்டலம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு என் கதவைத் தட்டினாள். நான் அரசாங்கத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள் என்பதால், இந்தக் கட்டடத்தில் யார் எங்கே மனுக் கொடுக்க வேண்டுமென்றாலும் என் வீட்டுக்கு வந்துதான் போவார்கள்.

"ஆன்ட்டி, கமிட்டிக்கு ஒரு லெட்டர் போட்டு பர்மிஷன் வாங்கிடலாமா? அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

"வேண்டாம்."

"ஏன் ஆன்ட்டி, கூடாதுன்னு ரூல் இருக்கா?"

"இல்லை. அதனால்தான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். கிழவிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சோம்பல் என்று நினைத்திருப்பாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. விண்ணப்பம் என்பது ஒரு கேள்வி. கேள்வி என்று ஒன்று மேசைக்கு வந்துவிட்டால் அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும். 'சரி' என்று எழுதினால் நாளைக்கு அதற்கு யாராவது விளக்கம் கேட்பார்கள். 'இல்லை' என்று எழுதினால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். விதி வாயை மூடிக்கொண்டிருக்கும் இடத்தில் நாமும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதை நான் வேலைக்குச் சேர்ந்து கற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், பம்பாயின் ஆண்டாப் ஹில்லில், எங்கள் வீட்டுப் பூசணிக்கொடி போன விதத்தில் கற்றுக்கொண்டேன்.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அரசுக் குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தளத்தில் வீடு கிடைத்திருந்தது. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் கல்லும் கரித்தூளும் கலந்த ஒரு துண்டு நிலம், பிறகு காம்பவுண்ட் சுவர். சுவருக்கு அப்பால், காற்று அடிக்கும் திசையில், உப்பளங்கள். வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்குப் பின்னாலும் அதேபோல ஒரு துண்டு உண்டு. அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. அம்மா அதில் துணி உலர்த்துவாள். பக்கத்து வீட்டுப் பாலக்காட்டு மாமி ஒரு துளசியும் கறிவேப்பிலையும் வைத்திருந்தாள். கடைசி வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியின் துண்டில் ஓர் உடைந்த சைக்கிள் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த வருடம் கோடையில் அத்தை வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. அவளுடைய மகள், என்னைவிடச் சின்னவள், காய்ச்சலில் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 'கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும்' என்று மாமா ரயில் ஏற்றிவிட்டிருந்தார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. பிறகு நான் எத்தனையோ தற்காலிக ஆணைகளைப் பார்த்திருக்கிறேன். காலவரம்பு குறிக்காத ஆணையில்தான் ஆள் நிரந்தரமாக மாட்டிக்கொள்வது.

அத்தை பேசவில்லை. அழவும் இல்லை. தட்டில் போட்டதைப் பிசைவாள், கிளறுவாள், எழுந்து கை கழுவிவிடுவாள். முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. டிஸ்பென்சரி டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, இப்படியே போனால் உடம்பு தாங்காது, எதிலாவது மனம் போக வேண்டும் என்றார். எதில் என்பதற்கு அவரிடம் மாத்திரை இல்லை. இரவில் அம்மாவும் அப்பாவும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இந்த வீட்டில் இன்னொரு சாவு விழுமோ என்று அவர்கள் பயந்தார்கள் என்பது எனக்கே புரிந்தது.

ஒரு நாள் காலை அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தாள். அத்தை பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தவள், குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். அம்மா பதறிப் போய் ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

"ஏளா, என்ன காரியம் செய்யுத? துப்பு!"

"உப்பு," என்றாள் அத்தை.

"என்னது?"

"மண்ணு, மைனி. உப்புக் கரிக்கி. நாலு மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிரும்."

அத்தை பிறந்து வளர்ந்தது தூத்துக்குடிப் பக்கம். உப்பு மண் அவளுக்குப் புதிதல்ல. அன்று சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும், ஏதோ குழந்தை முதல் வார்த்தை பேசிவிட்டதைச் சொல்வதுபோல அம்மா அதைச் சொன்னாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் போய், கட்டட வேலைக்காரர்களிடம் ஒரு கடப்பாரை இரவல் வாங்கி வந்தார்.

அத்தை கல்லைப் பொறுக்கினாள். நிலத்தைக் கொத்திப் பாத்தி கட்டினாள். வடாலா பக்கம் வடநாட்டுப் பால்காரர் ஒரு பையாவின் எருமைத் தொழுவம் இருந்தது. நானும் அவளும் வாளிகளில் சாணம் சுமந்து வந்தோம். நான் மூக்கைப் பிடிப்பதைப் பார்த்து, "இதுதான நாளைக்கு ஒன் தட்டுக்கு வரப் போவுது, இப்பமே பழகிக்க," என்றாள். ஜூனில் மழை இறங்கியதும், உப்புத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடும்படி ஓரமாக வாய்க்கால் வெட்டிவிட்டாள். மழை நிற்கும்போதெல்லாம் குனிந்து மண்ணை நக்கிப் பார்ப்பாள். ஒரு நாள் தலையாட்டினாள். விதை போட்டாள்.

விதைக்கு எங்கும் போகவில்லை. மார்க்கெட்டில் வாங்கிய பூசணியின் வயிற்றிலிருந்து வழித்தது, அழுகின தக்காளியிலிருந்து பிழிந்தது, முற்றிப்போன வெண்டைக்காய், அவரைக்காய் எல்லாம் எங்கள் சமையலறைக் கழிவுதான். முதலில் கீரை வந்தது. தான் பறித்த தண்டுக்கீரையைக் கடைந்து வைத்த அன்று அத்தை இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மழைக்காலத்தில் எல்லாருக்கும் ஜலதோஷம் பிடிக்கும் என்று நினைத்தேன்.

பூசணிக்கொடி சுவரேறிப் படர்ந்து பிஞ்சு விட்டபோது நான்தான் முதலில் பார்த்தேன். "அத்தை, அந்தா!" என்று கை நீட்டினேன். அவள் பாய்ந்து வந்து என் விரலைப் பிடித்து மடக்கினாள்.

"ஏட்டி, பிஞ்ச வெரல நீட்டிக் காட்டக் கூடாது. அழுகிரும். இப்பிடி, மடக்கிக் காட்டு."

ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல வளைத்து, மூட்டால் காட்ட வேண்டும். அப்பா தமிழ்க் கோயில் சபையில் செயலாளர். கிறிஸ்தவ வீட்டில் இது என்ன அஞ்ஞானம் என்று கேட்டார்.

"பூசணிக்கு வேதம் தெரியாதுல்லா அண்ணே," என்றாள் அத்தை.

அவள் வந்த பிறகு அந்த வீட்டில் சொல்லப்பட்ட முதல் வேடிக்கை அது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு தோட்டத்தில் எதையாவது காட்டும்போது அவரும் விரலை மடக்கிக்கொண்டார், சபையார் யாரும் பார்க்காதபோது.

செப்டம்பர் வருவதற்குள் வரிசை முழுக்கப் பச்சையாகிவிட்டது. பாலக்காட்டு மாமி வந்து எட்டிப் பார்த்தாள், "எனக்கும் ரெண்டு விதை தாடி கொழந்தே," என்றாள். பஞ்சாபி ஆன்ட்டி சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டு வெண்டை போட்டாள். அத்தைக்கு ஹிந்தி தெரியாது, ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். மாமியின் புடலங்காய் சுருண்டு வளர்ந்தது. அத்தை போய் நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்தினாள். மாடி வீட்டு வங்காளி பாபு மட்டும் பந்தலால் கொசு வருகிறது என்று ஒரு முறை முணுமுணுத்தார். தனி ஆள், அவருக்கும் ஒரு கட்டுக் கீரை கொடுத்தனுப்பினோம். கொசு அதோடு குறைந்துவிட்டது.

சுவரோரத்தில் பெரிதாகிக்கொண்டிருந்த ஒரு பூசணியை அத்தை அறுப்பின் பண்டிகைக்கு என்று நேர்ந்துகொண்டாள். அவரவர் நிலத்தில் விளைந்ததில் முதலாவதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பம்பாயில் யாருக்கு நிலம்? சனிக்கிழமை தாதர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கி ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்குப் படைத்துவிட்டு, அதையே ஏலத்தில் இன்னும் அதிக விலைக்கு வாங்கி வருவதுதான் எங்கள் அறுவடை. சபையிலேயே மண்ணில் விளைந்த காயோடு வரப்போகிறவர்கள் நாங்கள்தான் என்பதில் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் பின்படியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அத்தை கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, இந்த மண்ணு நம்மளுதா?"

அப்பாவுக்குப் பொய் வராது. "வீடு நமக்கு அலாட் பண்ணுனது. மண்ணப் பத்தி ஆர்டர்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப யாராது வந்து புடுங்குனா?"

"யாரு வந்து புடுங்கப் போறா?"

"புடுங்கிட்டுப் போற வரைக்கும் அப்பிடித்தான நெனச்சிட்டு இருக்கோம்," என்றாள் அத்தை.

அவள் தோட்டத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும், மேசையில் உட்கார்ந்து, அரசுக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் எஸ்டேட் ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். சொந்தக் காரியம் என்பதால் ஆபீஸ் காகிதத்தைத் தொடவில்லை, ஆபீஸ் டைப்ரைட்டரிலும் அடிக்கவில்லை. சொந்தக் காகிதம், சொந்த மை, வலப்பக்கம் சாய்ந்த அழகான கையெழுத்து. அத்தை கடைக்குப் போயிருந்தாள். அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்: தரைத்தள வீட்டின் பின்புறமுள்ள காலி நிலத்தில் சொந்தச் செலவில், விற்பனை நோக்கமின்றி, காய்கறி பயிரிட அனுமதி அளிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

அம்மா யோசித்தாள். "எழுதணுமா? எல்லாரும் எழுதாமத்தான போட்டிருக்காவ?"

"எல்லாரும் கள்ளத்தனமா இருந்தா நாமளும் இருக்கணுமா? ஒரு ஆர்டர் கையில இருந்தா அவள எவனும் அசைக்க முடியாது பாத்துக்க. இப்பம் சொல்லாத. ஆர்டர் வந்த பொறவு அவ கையிலயே குடுப்போம்."

அந்த விண்ணப்பத்தில் இன்றைக்கும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பொருள், பணிவு, இடச் சுட்டு எல்லாம் சரியாக இருந்தது. என்னிடம் வந்திருந்தால் நானும் அதை நிராகரித்திருப்பேன்.

அக்டோபரில், அப்பா ஆபீஸுக்குப் போயிருந்த ஒரு பகல்வேளையில், எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். கூடவே டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ப்யூன். அம்மா மாதுங்காவுக்கு மளிகை வாங்கப் போயிருந்தாள். நானும் அத்தையும் தோட்டத்தில் இருந்தோம். வந்தவர் நல்ல மனிதர். மராட்டிக்காரர், நெற்றியில் வியர்வை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "பாயி, பஹுத் அச்சா லகாயா ஹை," என்று அத்தையைப் பாராட்டினார். பிறகு அளந்தார். அளந்துவிட்டு, பயிரின் விவரம் எழுத வேண்டும்போல, ஆள்காட்டி விரலை நன்றாக நீட்டி ஒவ்வொரு பிஞ்சையும் ஏக், தோ, தீன் என்று எண்ணினார்.

நான் ஓடிப்போய், "அங்கிள், விரலை மடக்குங்க, அழுகிடும்," என்று ஹிந்தியில் கத்தினேன். அவர் சிரித்துவிட்டு என் தலையைத் தட்டிக்கொடுத்தார். எண்ணுவதை நிறுத்தவில்லை.

போகும்போது ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டி, என்னிடம் கொஞ்சம் வருத்தமாகவே பேசினார். நான் வரிக்கு வரி அத்தைக்குத் தமிழில் சொன்னேன். எனக்கு மொழிபெயர்ப்பதில் பெருமை.

"அப்பா ஏன் எழுதுனாங்கன்னு கேக்காரு. எழுதாம இருந்திருந்தா இவர் வந்தே இருக்க மாட்டாராம். எழுதுனதால இப்பம் ரிப்போர்ட் குடுக்கணுமாம். பர்மிஷன் குடுக்க ரூல் இல்லியாம். பர்மிஷன் இல்லன்னா தோட்டத்த எடுத்துரணுமாம். ஒரு வீட்டுக்கு எடுத்தா வரிசைக்கே எடுக்கணுமாம்."

அத்தை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அண்ணனிடமிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அந்தக் கையெழுத்தில் வந்தவை. எழுத்து வேறானாலும் கை ஒன்றுதான். அவர்கள் போன பிறகு அவள் என் முன்னால் உட்கார்ந்து, என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"இத யார்ட்டயும் சொல்லாத, என்ன? அம்மாட்டயும் சொல்லாத. அப்பாட்ட எனக்குத் தெரியும்னு சொல்லவே சொல்லாத."

நான் சரி என்றேன். அது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. ஏனென்றால் காகிதத்தை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. விரலை நீட்டி எண்ணியதுதான் என் கவலை. ஒரு காகிதத்தால் செடி சாகும் என்று நம்பும் வயது எனக்கு அப்போது வரவில்லை. பிறகு அதுவே என் உத்தியோகமாயிற்று.

நோட்டீஸ் வந்தது, வரிசையில் ஒவ்வொரு கதவிலும் ஒட்டப்பட்டது. அப்பா நோட்டீஸோடு எஸ்டேட் ஆபீஸுக்கு ஓடினார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்னொரு விண்ணப்பம் கொடுத்தார். அதைத் தனியாக ஒரு எண் போட்டு வாங்கிக்கொண்டார்களாம். பிறகு ஒரு நாள் காலை கூலியாட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள்.

அவர்களும் மோசமானவர்கள் இல்லை. காய்களைப் பறித்துக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். பெண்கள் பறித்தது போக மிச்சத்தை அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டார்கள். மாமி துளசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். துளசிக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அத்தை நேர்ந்துகொண்ட பூசணியை, இன்னும் பச்சை மாறாததை, காம்போடு அறுத்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து, நிலம் மறுபடி கல்லும் கரியுமாகக் கிடந்தது. மாமி விசும்பிக்கொண்டே, "யாரு கண்ணு பட்டுதோ," என்றபோது நான், "கண்ணு இல்ல மாமி, விரல்," என்றேன். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பெண்களுக்கு விரல் போதவில்லை. ஆபீஸுக்கு எழுதிப்போட்ட ஆள் வேண்டும். "யாரோ கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கா. இல்லாட்டா அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று மாமி ஆரம்பித்தாள். கொசு என்று சொன்னது யார்? வங்காளி பாபு. இரண்டு நாளில் அது தீர்ப்பாகிவிட்டது. பாபு படியிறங்கினால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். யார் செய்தார்களோ, ஒரு நாள் காலை அவருடைய வாசலில், எங்கள் தோட்டத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த எருமைச் சாணம் வாளியோடு கொட்டிக் கிடந்தது. பாபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே தண்ணீர் சுமந்து, தானே கழுவினார். அத்தை கீழே நின்று அதை முழுக்கப் பார்த்தாள்.

அன்று இரவு அப்பா அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிருதேன். நாந்தான்னு சொல்லிருதேன்." அம்மா, "இன்னும் எத்தன வருசம் இவிய கூட இருக்கணும், யோசிச்சியளா?" என்றாள். அப்பா விளக்கை அணைத்தார். எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த அத்தையும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை. பம்பு அறைக் குழாயடியில் எல்லாரும் குடத்தோடு நின்றார்கள். அத்தை தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மாமியிடம் சொன்னாள்.

"மாமி, அந்த மாடி வீட்டு ஆளு எழுதல. எழுதச் சொன்னது நாந்தான்."

"என்னது?"

"மண்ணுக்கு ஒரு காகிதம் வேணும்னு அண்ணனப் போட்டு அரிச்சேன். வேண்டாம்னாவ. நான் கேக்கல. அழுதேன். அதுக்காவ எழுதுனாவ."

மாமியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "நீயா? எங்களுக்கெல்லாம் விதை கொடுத்ததே நீதானேடி?"

"ஆமா. குடுத்ததும் நாந்தான், கெடுத்ததும் நாந்தான்."

அத்தை அப்பாவிடம் அழுததே இல்லையே என்று நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது. மாமி அதைப் பஞ்சாபி ஆன்ட்டிக்கு ஹிந்தியில் சொன்னாள். ஆன்ட்டி தன் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள், பாதிதான் நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் அத்தையைத் திட்டவில்லை. அவள் பின்படிக்கு வந்தால் உள்ளே போய்விடுவார்கள், அவ்வளவுதான். அப்பாவைப் பார்த்தால் மாத்திரம் இரக்கப்பட்டார்கள். "பாவம், தங்கை பேச்சைக் கேட்டு எழுதிட்டார். பெத்த பொண்ணைப் பறிகொடுத்தவ, எப்படித் தட்டறது?" என்று மாமி அம்மாவிடம் சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் அப்பாவிடம் சொல்லியிருப்பாள். அப்பா வெகுநேரம் குளியலறையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா யாரையும் கூப்பிடவில்லை. கோயிலுக்குப் போனோம்.

அன்றுதான் அறுப்பின் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், மார்க்கெட் கத்தரிக்காய், கரும்பு, கோழி எல்லாவற்றுக்கும் நடுவில் அத்தையின் பூசணி பச்சையாக உட்கார்ந்திருந்தது. ஏலம் விட்டவர் அதைத் தூக்கி, தட்டிப் பார்த்து, "இது இன்னும் ஞானஸ்நானமே எடுக்கலியே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முற்றாத காயை யார் கேட்பார்கள்? அப்பா கை தூக்கி ஒரு விலை கேட்டார். போட்டிக்கு வேறு யாரும் விலை கேட்கவில்லை. ஒரு தரம், இரண்டு தரம் என்றபோது அப்பா மறுபடி எழுந்து நின்று இன்னும் கூடுதலாகக் கேட்டார். ஏலம் விட்டவர் குழம்பிப் போனார். "சார், ஒங்க விலைய நீங்களே ஏத்துதியளே, யாரும் கேக்கலியே?" அப்பா காதில் விழாதவர்போல மூன்றாம் முறையும் ஏற்றினார். கோயிலே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஏலத்தில் இப்படி ஒரு வேடிக்கையை நான் பார்த்ததில்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அத்தை மட்டும் சிரிக்காமல், பாட்டுப் புத்தகத்தின் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பூசணியை யாரும் சமைக்கவில்லை. அது சமையலறை மூலையில் இருந்தது. மஞ்சளாகாமல், ஒரு பக்கமாக இளகி, அழுகிப் போயிற்று. நான் சொன்னது சரியாகப் போய்விட்டது என்று எனக்குத் திருப்தி.

அடுத்த வாரமே அத்தை ஊருக்குப் போகிறேன் என்றாள். மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டாள், கவனிக்க ஆள் இல்லை என்று மாமாவிடமிருந்து முன்பே கடிதம் வந்திருந்தது. அப்பா அதற்குப் பதில் போடாமல் தள்ளிக்கொண்டிருந்தார். இப்போது தள்ளவில்லை. "ஒனக்கு இஷ்டம்னா," என்றார். தோட்டம் இல்லாமல் போனதால் அத்தைக்கு இங்கே போரடிக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். அவள் போன பிறகு மாமி பழையபடி ரசத்துக்குப் புளி கேட்டு வந்தாள், பஞ்சாபி ஆன்ட்டி லோஹ்ரிப் பண்டிகைக்கு எங்களுக்கும் எள்ளு மிட்டாய் கொடுத்தாள். எல்லாம் எப்படி இவ்வளவு சீக்கிரம் சரியாயிற்று என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் குற்றத்தை அத்தை தன் டிரங்குப் பெட்டியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அறிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அங்கே அவளுக்குக் கிடைத்தது மாடி வீடு. ஒரு பிடி மண் கிடையாது. சில வருடங்கள்தான் உயிரோடு இருந்தாள். அப்பா கடைசிவரை அவளைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் வீட்டில் அதன் பிறகு பூசணிக்காயும் வாங்கியதில்லை.

தாதர் ஸ்டேஷனில் அத்தையை ரயில் ஏற்றப் போயிருந்தோம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தார், பிறகு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்தார், பிறகு கொடுக்க ஒன்றுமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்தார். அத்தை முந்திக்கொண்டாள்.

"இவள நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணே."

சொல்லிக்கொண்டே கம்பி வழியாகக் கையை நீட்டி என்னைக் காட்டினாள். ஆள்காட்டி விரல் கொக்கிபோல மடங்கியிருந்தது. கடப்பாரை பிடித்துப் பிடித்து விரல் அப்படியே நின்றுவிட்டது போலும் என்று நினைத்தேன்.

ரயில் நகர்ந்தது. கூட்டத்தில் அம்மாவுக்கு ஜன்னல் தெரியவில்லை, எங்கே, எங்கே என்று எக்கினாள். நான் அவளுக்காக விரலை நன்றாக நீட்டி, அந்த ஜன்னல் கண்ணிலிருந்து மறையும்வரை காட்டிக்கொண்டே இருந்தேன். மடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது காய்களுக்கு மட்டும் உள்ள விதி என்று நினைத்திருந்தேன்.